திரைக்கு அடியில் ஒரு பட்டை

அத்தியாயம் 14

"அண்ணா, அண்ணிகிட்ட சொல்லு. எனக்கு ஒரு ரொட்டி போதும்."

"ஏங்க, உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ஒரு ரொட்டியோட பரீட்சைக்குப் போனா பாதியில கண்ணு இருட்டும்."

அண்ணன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையின் நீளம் நான்கு அடி. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் தெளிவாக விழும். ஆனாலும் திங்கட்கிழமையிலிருந்து அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான் போய்வருகிறது.

"நான் மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன், தபாலாபீஸ் இல்ல" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. உரித்த முட்டையைத் தானே தின்றுவிட்டார்.

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால், பன்னிரண்டு வருடத் திருமண வாழ்க்கையை முடித்துக்கொண்டு இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள் தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சர். அங்கே அவளுக்குப் 'புயல்' என்று பெயர். வந்த நாளிலிருந்து வேலை என்ற பேச்சையே எடுக்காதவளுக்கு, திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஆவணங்கள் தயாரித்துத் தரும் ஒரு நிறுவனம், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தது.

அவள் விண்ணப்பமே போடவில்லை. போட்டது அண்ணி.

"என்னைக் கேக்காம என் பேர்ல எப்படி எழுதலாம்?" என்று அன்று சண்டை. செவ்வாய்க்கிழமை, "போறேன், ஆனா அவங்களுக்காக இல்லைன்னு சொல்லு" என்று அண்ணன் மூலம் ஒரு செய்தி. அன்றே, கடையிலிருந்து வந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கணினியின் தூசியைத் துடைத்து, பயிற்சியைத் தொடங்கினாள்.

இன்று வெள்ளி. மணி ஏழே கால்.

தங்கை ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவள் தட்டச்சு செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். முதுகு நிமிர்ந்திருக்கும். முழங்கை உடலை ஒட்டியிருக்கும். கண் இடதுபக்கம் வைத்த தாளைவிட்டு நகராது. விரலையும் பார்க்கமாட்டாள், திரையையும் பார்க்கமாட்டாள். தாளில் உள்ளது கண் வழியாக ஏறி விரல் வழியாக இறங்கிவிடும். வேகத்தின் ரகசியமே அதுதான். தலையைத் தூக்கிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் விட்ட வரியைத் தேட ஒரு நொடி போய்விடுமே!

செய்தித்தாளின் ஒரு பத்தியை அடித்து முடித்தாள். ஒரு பிழை இல்லை. நடுவில் ஒரே ஓர் இடத்தில் இரண்டு வரியை விட்டிருந்தாள். 'கூட்டம் மாலை ஐந்து மணிக்கு நகர மண்டபத்தில் தொடங்கும்' என்ற வரியில், 'மாலை'க்கு முன்னால் 'சனிக்கிழமை' என்று தொடங்கும் விவரம் வர வேண்டும். அங்கே கொண்டுபோய்ச் சுட்டியை வைத்தாள். விடுபட்ட இரண்டு வரியையும் தாளைப் பார்த்தபடியே அடித்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

கூட்டம் இருந்தது. சனிக்கிழமை இருந்தது. மாலையைக் காணோம், ஐந்து மணியைக் காணோம், மண்டபத்தையே காணோம்.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். இந்த முறை கண் திரையில். அவள் ஓர் எழுத்தை அடிக்க, வலதுபக்கம் இருந்த ஓர் எழுத்து மறைந்தது. இன்னொன்று அடிக்க, இன்னொன்று மறைந்தது.

நான்கு நாள் வைராக்கியம் அந்த நிமிடத்தில் உடைந்தது.

"அண்ணி! தின்னுது அண்ணி!"

அண்ணி பாதி பின்னிய தலையோடு ஓடிவந்தாள். "எது? யாரை?"

"எழுத்தை! நான் அடிக்க அடிக்க, பக்கத்துல இருக்கறதைத் தின்னுட்டே போகுது."

"கரையானா இருக்கும்" என்றார் அண்ணன், பின்னால் வந்து நின்று. "ரெண்டு வருஷம் மூலையில கிடந்த மெஷின்."

"நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். நேரடியாகவே சொன்னார்கள். அண்ணன் நெஞ்சில் கை வைத்து மகிழ்ந்துகொண்டார்.

ஆனால் தங்கையின் கண் கலங்கியிருந்தது. கையை மடியில் போட்டுக்கொண்டாள். "மெஷின் இல்ல அண்ணி. என் கைதான். பன்னிரண்டு வருஷத்துல எல்லாம் மறந்துபோச்சு. நான் போகல."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணி நகரப் பேருந்து ஓட்டுநர், பதினாறு வருட அனுபவம். வண்டியில் கோளாறு என்றால் அவள் முதலில் தன்னை நொந்துகொள்வதில்லை. முன்னால் இருக்கும் மானிகளைப் பார்ப்பாள்.

"சரி. இந்த வண்டிக்கு டாஷ்போர்டு எங்க?"

"என்னது?"

"பஸ்ஸுல ஸ்டியரிங்குக்கு மேல முள்ளு, விளக்கு எல்லாம் இருக்குல்ல? டீசல் எவ்வளவு, சூடு எவ்வளவு, கதவு மூடியிருக்கா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கா. அந்த மாதிரி இதுல எது இருக்கு?"

தங்கை திரையைப் பார்த்தாள். நான்கு நாளில் முதல்முறையாக, எழுத்துகளை விட்டு அதன் விளிம்புகளைப் பார்த்தாள். திரையின் அடியில், வெள்ளைத் தாள் முடியும் இடத்துக்குக் கீழே, ஒரு மெல்லிய பட்டை ஓடியது. அதில் பொடி எழுத்தில் ஏதேதோ இருந்தன.

அதன் பெயர் நிலைப்பட்டை. அலுவலகங்களில் 'ஸ்டேட்டஸ் பார்' என்பார்கள். எழுதும் செயலியைத் தினமும் பயன்படுத்துகிற எத்தனையோ பேர் வருடக் கணக்கில் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். அது எதையும் செய்யச் சொல்லி நம்மைத் தொந்தரவு செய்யாது. மணி அடிக்காது. இப்போது நிலவரம் என்ன என்பதைக் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கும்: மொத்தம் எத்தனை சொற்கள், எந்த மொழி, திரை எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறது.

"இதுல தின்னுற விஷயம் எதுவும் இல்லையே" என்றாள் தங்கை.

"எல்லா விளக்கும் எப்பவும் எரியாது. கொஞ்சம் அந்தப் பட்டைமேலயே தட்டிப் பாரு."

இடது பொத்தானைத் தட்டினால் வேறு ஏதோ பெட்டி திறந்தது. "வலது பொத்தான், வலது பொத்தான்" என்றார் அண்ணன், கடையில் பழகிய ஞானத்தோடு. பட்டைமேல் வலது பொத்தானை அழுத்தியதும் ஒரு நீளப் பட்டியல் மேலே எழுந்தது. ஒவ்வொரு வரியிலும் இடதுபக்கம் ஒரு பெயர், வலதுபக்கம் அதன் தற்போதைய நிலை. எதற்கு டிக் போடுகிறோமோ அது பட்டையில் வந்து உட்காரும்.

அண்ணன் செய்தி வாசிப்பவர் போல ஒவ்வொன்றாகப் படித்தார். "கேப்ஸ் லாக்: ஆஃப். டிராக் சேஞ்சஸ்: ஆஃப். ஓவர்டைப்..." நிறுத்தினார். "இதுக்கு எதிர்ல 'ஓவர்டைப்'னே இருக்கு."

தங்கை அதற்கு டிக் போட்டாள். பட்டையில் 'ஓவர்டைப்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. அதன்மேல் ஒரு தட்டு. சொல் மாறி 'இன்சர்ட்' ஆயிற்று.

வரியின் நடுவில் போய் மெதுவாக 'ச' அடித்தாள். வலதுபக்கத்து எழுத்துகள் எல்லாம் மரியாதையாக ஒரு இடம் தள்ளி நின்றன.

"ஐயோ!" என்று கத்தினாள் தங்கை. "தள்ளி உக்காருது அண்ணி!"

"இவ்வளவுதானா? எங்க பஸ்ஸுல தினம் நடக்கறது" என்றாள் அண்ணி. "சில பேர் வந்தா, 'கொஞ்சம் தள்ளுங்க'ன்னு சொல்லி உக்காருவாங்க. சில பேர் உக்காந்திருக்கறவனை எழுப்பிவிட்டுட்டு உக்காருவாங்க. இது ரெண்டாவது ஜாதி."

அவள் சொன்னது அப்படியே சரி. இன்சர்ட் நிலையில் புதிய எழுத்து இடம் கேட்டு நுழையும். ஓவர்டைப் நிலையில் இருக்கும் எழுத்தின் இடத்தையே எடுத்துக்கொள்ளும். அந்தக் கணினியில் இரண்டு நிலைக்கும் மாற்றுகிற விசை, அழிக்கும் விசைக்கு நேர்மேலே இருந்தது. தங்கையின் சுண்டுவிரல் அவசரத்தில் ஒரு விசை தள்ளி விழுந்திருக்கிறது. திரையைப் பார்த்து அடிப்பவர் இரண்டாவது எழுத்திலேயே கண்டுபிடித்திருப்பார். தாளைவிட்டுக் கண் எடுக்காத புயலுக்குத்தான் இப்படி ஒரு மண்டபமே காணாமல் போகும்.

"அப்ப என் கை மறக்கல" என்றாள் தங்கை, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"உன் கை எங்கம்மா மறந்துச்சு?" அண்ணியின் குரல் தணிந்தது. "ரேடியோவுல செய்தி ஓடினா, நீ சாப்பாட்டு மேசைமேல அதைத் தட்டச்சு அடிப்பே. தெரியுமா உனக்கு? பத்து விரலும் ஓடும். எட்டு மாசமாப் பாக்கறேன். வண்டி நிக்குது, எஞ்சின் மட்டும் ஓடிட்டே இருக்கு. ஒரு டிரைவரால எப்படிப் பொறுத்துக்க முடியும்? அதான் எழுதிப் போட்டேன். கேக்காம போட்டது தப்புதான்."

தங்கை எழுந்து அவள் பின்னால் போனாள். அண்ணியின் பாதிப் பின்னலை எடுத்து மீதியைப் பின்னத் தொடங்கினாள்.

"அப்ப எனக்கு வேலை போச்சா?" என்றார் அண்ணன்.

"முட்டை இருந்தா உரிங்க" என்றாள் தங்கை. "எனக்குப் பசிக்குது."

கிளம்புவதற்கு முன்னால் அண்ணி ஒரே ஒரு பயிற்சி கொடுத்தாள். "ரோட்டைப் பாத்துத்தான் ஓட்டணும். ஆனா கண்ணு அப்பப்ப ஒருதரம் கீழ இறங்கி ஏறும். ஒரு நொடிகூட ஆகாது. நீ வேகத்தைக் குறைக்காத. பத்தி முடியுற இடம்தான் உனக்குச் சிக்னல். அங்க மட்டும் கீழ பாரு."

தங்கை ஐந்து பத்தி அடித்தாள். ஐந்து முறை கண் இறங்கி ஏறியது. வேகம் குறையவில்லை.

*

தேர்வு நடந்த அறையில் ஆறு கணினிகள், மூன்று பேர். ஒருத்தி கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டாள். இன்னொருவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினார். மேற்பார்வையாளர் அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தாள்களைக் கொடுத்தார்.

"பதினாலு பக்க ஒப்பந்தம் திரையில இருக்கு. கையால எழுதின மூணு துண்டு தர்றேன், அந்தந்த இடத்துல சேக்கணும். இந்தத் தாள் பிரதியில சிவப்பு மையால கோடு அடிச்சிருக்கற வரிகளை நீக்கணும். ஏதாவது பத்தி ரெண்டு தடவை வந்திருந்தா ஒண்ணை எடுத்துடலாம். முடிவுல நாலாயிரம் சொல்லுக்குள்ள இருக்கணும். நாற்பது நிமிஷம்."

தங்கை முதலில் பட்டையைப் பார்த்தாள். வலது பொத்தானை அழுத்தி, வேண்டியவற்றுக்கு டிக் போட்டாள். இன்சர்ட் என்றிருந்தது. மூச்சு சீரானது.

முதல் துண்டை அடித்தாள். சிவப்பு வரி இரண்டை நீக்கினாள். பத்தி முடிந்தது. கண் கீழே இறங்கியது.

'டிராக் சேஞ்சஸ்: ஆன்.'

காலையில் அண்ணன் படித்தபோது அது ஆஃப் என்று இருந்தது. இங்கே ஆன். என்ன அது? திரையைக் கூர்ந்து பார்த்தாள். அவள் நீக்கிய வரிகளின் ஓரத்தில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு நின்றது. அந்தக் கோட்டின்மேல் தட்டினாள். நீக்கிய இரண்டு வரியும் குறுக்குக் கோடோடு மறுபடி எழுந்து வந்தன.

அப்படியானால் நீக்கியது நீங்கவில்லை! யார் எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்று செயலி ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு மட்டும் மறைத்திருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து திருத்தும்போது இது பெரிய உதவி. வாடிக்கையாளருக்குப் போகும் கடைசிப் பிரதியில்?

இப்போது எழுந்து கேட்டால் நேரம் போகும். கேட்காமல் முடித்தால் தேர்வு முடிந்துவிடும், வேலை மட்டும் அரைகுறை. தங்கை கையைத் தூக்கினாள்.

"அம்மா, இதை வேணும்னுதான் போட்டு வச்சிருக்கீங்களா?"

"எதை?"

"நீக்கறது எதுவும் நீங்காம, உள்ள ஒளிஞ்சு நிக்குதும்மா."

மேற்பார்வையாளர் அம்மா தலைமேலிருந்த கண்ணாடியைச் சட்டென்று இறக்கினார். குனிந்து பார்த்தார். கோட்டின்மேல் தட்டினார். அவர் முகத்தில் ஒரு வாரக் குழப்பம் ஒரே நொடியில் அவிழ்ந்தது.

"கடவுளே! அந்தக் கடுதாசி!"

"எந்தக் கடுதாசிம்மா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க முதலாளி போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்குக் கடிதம் சொல்லி அடிக்க வச்சார். கோபத்துல 'உங்களைப் போன்ற பிடிவாதக்காரர்'னு ஒரு வார்த்தை. அப்புறம் வேணாம்னு எடுக்கச் சொல்லிட்டார், எடுத்தாச்சு. என் கண்ணாலயே பாத்தேன். மறுநாள் அந்த வாடிக்கையாளர் போன் பண்றார். 'நான் பிடிவாதக்காரன்தான். அதை ஏன் குறுக்குக் கோடு போட்டு அனுப்பறீங்க?'ங்கறார். எப்படிப் போச்சுன்னு ஒரு வாரமா ஆபீஸே மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கு!"

கடிகாரத்தைக் கழற்றி வைத்தவள்கூடச் சிரித்துவிட்டாள்.

இருவருமாகச் சேர்ந்து பார்த்தார்கள். பட்டையில் அதைத் தட்டினால் ஆஃப் ஆகிறது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. நிறுத்தினால் இனிமேல் குறிக்காது, அவ்வளவுதான்; ஏற்கெனவே குறித்தவை அப்படியே இருக்கும். அவற்றை 'ஏற்றுக்கொள்' என்று செயலிக்குச் சொன்னால்தான் மெய்யாகவே மறையும். அதையும் செய்தார்கள்.

"நேரம் அதிகமாத் தர முடியாதும்மா" என்றார் மேற்பார்வையாளர் அம்மா, நிஜமான வருத்தத்தோடு. "மத்தவங்களுக்கும் அதே கடிகாரம்தான்."

இதிலேயே ஒன்பது நிமிடம் போயிருந்தது. பதினெட்டு நிமிடம் மீதி. இரண்டு துண்டு பாக்கி.

புயல் அடித்தது.

அந்த அறையில் இருந்தவர்கள் அதற்குப் பிறகு கேட்டது, ஓட்டின்மேல் பெருமழை பெய்வது போன்ற ஒரே சத்தம். பத்தி முடியும் இடத்தில் மட்டும் அது ஒரு கணம் நிற்கும். கண் இறங்கும், ஏறும், மழை தொடரும்.

இரண்டு துண்டும் முடிந்தபோது பட்டை சொன்னது: 4,061 சொற்கள். அறுபத்தொன்று அதிகம். ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் பார்த்த ஒரு பத்தி பதினொன்றாம் பக்கத்தில் மறுபடி வந்தது. அதை முழுதாகத் தேர்ந்தெடுத்தாள். உடனே பட்டையில் எண் இரண்டானது: 73 / 4,061. தேர்ந்தெடுத்த பகுதியில் இத்தனை, மொத்தத்தில் இத்தனை. விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

எடுத்தாள். 3,988.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் மீதி இருந்தது.

*

ஒன்றரை மணிக்கு அவள் கையில் ஓர் உறையைக் கொடுத்தார் மேற்பார்வையாளர் அம்மா. உள்ளே இரண்டு தாள்.

"கீழ பாக்கணும்னு யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"எங்க அண்ணி. பஸ் ஓட்டறாங்க."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றே படித்தாள். முதல் தாளைப் படித்ததும் படிக்கட்டிலேயே ஒரு குதி குதித்தாள். மூத்த தட்டச்சர் பதவி, திங்கட்கிழமை சேர வேண்டும். இரண்டாவது தாளைப் படித்தாள். பிறகு இரண்டையும் மடித்து உறைக்குள் வைத்து, அண்ணியின் மதிய வண்டி வரும் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

வண்டி வந்தது. அண்ணி புருவத்தைத் தூக்கினாள். தங்கை வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு மேலே எழுதியிருந்தது: 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்.'

அண்ணி சட்டத்தை மீறுபவள் இல்லை. கதவை மூடினாள், ரோட்டைப் பார்த்தாள். பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் தங்கை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அண்ணியின் கண் உள்கண்ணாடிக்குப் போய் அவள் முகத்தைத் தேடியது. மூன்றாவது விளக்கில் தங்கையால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அண்ணி ஹாரனை அடித்தாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பி, "சிவப்பு விழுந்திருக்கு, எங்கம்மா போறது?" என்று கத்தினார்.

பேருந்து முனையத்தில் இறங்கியதும் அண்ணி அவளைத் தூக்கியே விட்டாள். "எங்க வீட்டுப் புயல்! வேலை வாங்கிட்டா!" என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் எல்லோரிடமும் சொன்னாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம், அதுல இன்னொரு தாள்..."

"தினமும் காலையில என் வண்டியிலதான் போறே. முன் சீட்டு உனக்குத்தான், எவன் உக்காந்தாலும் எழுப்பிவிடுவேன். ஜன்னலோரம் உன் மேசையைப் போட்டுடலாம், அவர் பழைய பெட்டியெல்லாம் கடைக்குப் போகட்டும். சாயங்காலம் திரும்பறப்ப என்னோடவே வந்துடு."

"அண்ணி, கேளுங்க..."

நேரக்காப்பாளரின் விசில் ஒலித்தது. அண்ணி அவள் கையிலிருந்த உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"இங்க நின்னு அவசரமாப் படிக்கமாட்டேன். அந்த முனைக்குப் போய், டீயைக் கையில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரியாப் படிக்கப்போறேன்."

ஏறிவிட்டாள். வண்டி வளைந்து வெளியேறியது. போகிற போக்கில் இன்னும் ஒருமுறை ஹாரன்.

தங்கை முனையத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். இரண்டாவது தாளில் நான்கே வரி. வேலை இந்த ஊர் அலுவலகத்தில் இல்லை; புதிதாகத் திறக்கும் துறைமுகக் கிளையில். ரயிலில் ஏழு மணி நேரம். சம்மதத்தை நாளை மாலைக்குள் சொல்ல வேண்டும்.

ஓட்டும்போது அண்ணி எதையும் படிக்கமாட்டாள். மறுமுனை வர ஐம்பது நிமிடம் ஆகும். அதுவரை அந்தச் சட்டைப்பையில் இருப்பது முழுக்க நல்ல செய்தி.